ஓனர் ஸ்டைல்

விழுப்புரத்திலிருந்து வரும் ‘எல்லைச் செய்தி’ வாரப் பத்திரிகைக்குப் பக்கம் எட்டு, முதலாளி ஒருவர். திண்டிவனம் தாண்டவராயன், மனை விற்றுப் பெரிய மனிதரானவர். லே-அவுட் என்றால் அவருக்கு ஏக்கரும் சென்ட்டும்தான். பத்திரிகைக்கும் அப்படி ஒன்று உண்டு என்பதே இருதயமேரியை வேலைக்கு வைத்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் ஒரே ஒரு சட்டம் போட்டார். தன் பெயர் எங்கே வந்தாலும் பெரிதாக, சிவப்பாக வரவேண்டும்.

முகையூரிலிருந்து பஸ் பிடித்து வந்து பக்கம் கட்டும் இருதயமேரி, வாராவாரம் அந்தப் பெயரைத் தேடித்தேடிப் பெரிதாக்கினாள். பதினெட்டு இடத்தில் வரும், பதினேழைப் பிடிப்பாள். தப்பிய ஒன்றை மனிதர் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். செய்தி படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை, பெயரை மட்டும் படிப்பார்.

“இன்னொரு வாட்டி எம் பேரு சின்னதா வந்துதுன்னா, நீ வூட்டுலயே இருந்துக்கோ” என்று போன வாரம் சொல்லிவிட்டார்.

வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். அதனால் கண்ணை நம்புவதை விட்டாள். பக்கம் கட்டும் மென்பொருளில் ‘ஓனர்’ என்று ஒரு ஸ்டைல் செய்தாள். இருபத்து நாலு பாயிண்ட், தடித்த எழுத்து, சிவப்பு. தாண்டவராயன் என்ற பெயர் எந்தப் பக்கத்தில் விழுந்தாலும் அந்த ஸ்டைல் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அதை ஒரு இடத்தில் மாற்றினால் எட்டுப் பக்கத்திலும் மாறும்.

அந்த வாரம் முதல் பக்கத் தலைப்பு, ‘ஏரி காத்த செம்மல் தாண்டவராயன்’. பட்டம் கொடுத்தது ஒரு சங்கம். சங்கத்துக்குத் தலைவரும் அவரே.

அச்சுக்குப் போக ஒரு மணி நேரம் இருக்கையில் அரசு விளம்பரம் ஒன்று வந்தது. ஏரியை வளைத்துப் போட்ட நாற்பத்தாறு பேரின் பட்டியல். ஆறாம் பக்கத்தில் பொடி எழுத்தில் கொட்டினாள். நாற்பத்தைந்து பெயர்கள் எறும்பாக நின்றன. முப்பத்தொன்றாவது மட்டும் சிவந்து வீங்கி நின்றது. அப்பா பெயர், தெரு எல்லாம் பார்த்தாள். சாட்சாத் செம்மலேதான்.

பதறிப்போய் போன் செய்தாள். அந்தப் பக்கம் மேளச் சத்தம்.

“சார், ஆறாம் பக்கத்துல ஒரு அறிவிப்புல ஒங்க பேரு வருதுங்க. அத மட்டும் சின்னதா…”

“சின்னதாவா? இன்னா பேஜாரு பண்ணிக்கினு இருக்க?” வைத்துவிட்டார். ஆத்திரம் தீராமல் வாட்ஸாப்பில் குரல் பதிவும் அனுப்பினார். “எங்க வந்தாலும் எம் பேரு பெருசா வரணும். இன்னா ஏதுன்னு கேக்காத. ஜல்தி பிரஸ்ஸுக்கு அனுப்பு.”

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவரைத் தடுக்க அவள் யார்? அனுப்பினாள். பயமாகத்தான் இருந்தது. பயத்துக்குள்ளே கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

பட்டத்தின் பெருமை பரவட்டும் என்று, மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் ஐயாயிரம் பிரதியை இலவசமாக வாரி இறைத்தார் தாண்டவராயன். வறுத்த மல்லாட்டை விற்றவர்கூட ஆறாம் பக்கம் வெளியே தெரிகிற மாதிரிதான் பொட்டலம் மடித்தார்.

திங்கட்கிழமை முதலாளி பேப்பரும் கையுமாக ஆபீசுக்குள் பாய்ந்தார். இருதயமேரி போனை எடுத்து அவர் குரலையே போட்டுக் காட்டினாள். ஆபீசே கேட்டது.

“ஒனக்கு வேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கெளம்பு!”

“போறேன் சார். அந்தப் பட்டியல இந்த வாரமும் போடச் சொல்லி லெட்டர் வந்திருக்குதுங்க. ஓனர் ஸ்டைல மாத்த இங்க வேற யாருக்கும் தெரியாதுங்க.”

தாண்டவராயன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார்.

“போவாத. சின்னதாக்கு.”

“பட்டியல்ல மட்டுமா சார்?”

“எல்லா எடத்துலயும்!”

இருபத்து நாலை அழித்து ஆறு என்று அடித்தாள். சிவப்பைக் கறுப்பாக்கினாள். எட்டுப் பக்கத்திலும் முதலாளி ஒரே நொடியில் எறும்பானார். மனிதர் பழக்க தோஷத்தில் திரையில் முகத்தை ஒட்டிவைத்துத் தேடினார்.

“எம் பேரு எங்கம்மா?”

“இருக்குதுங்க சார். முப்பத்தொண்ணாவது.”