சீட்டில் கோளாறு இல்லை

கடிதத்தில் நான்கே வரிதான் இருந்தது. "அத்தை போன மாதம் தவறிவிட்டார்கள். அவர்கள் பெட்டியில் விமானப்படைக்குப் போட்ட கடிதங்களின் நகல்களும், வந்த பதில்களும் இருக்கின்றன. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வந்து போகவும். சுசீலா ஆனந்தன், நசரத்பேட்டை."

கிறிஸ்துதாஸ் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் அலைந்தார். பருத்திப்பட்டில் அவருடைய ஒற்றை அறை வீட்டில் அதைப் படித்துக் காட்ட வேறு ஆள் இல்லை. விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றபின் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலைக்கு செக்யூரிட்டி ஆபீசராகப் போய்வந்தார். சாயங்காலம் திரும்பி ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "அமையல" என்பார். தன் உயிரே இன்னொருத்தன் விட்டுக்கொடுத்தது. அதற்குமேல் எதையும் கேட்க அவருக்கு நா எழவில்லை.

1989 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறினார்.

சுசீலா பூந்தமல்லியில் கணக்கு டீச்சர். தலை பாதி நரைத்திருந்தது. அவரை உட்கார வைத்து, இரண்டு காகிதக் கட்டுகளை எதிரில் வைத்தாள்.

"அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வருசத்துக்கு ஒரு தபா அவங்க சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். 'ஏரோப்ளேன்ல எம்புள்ள ஒக்காந்த சீட்டு ஏன் வேலை செய்யல? அத்த யாரு சரியா பாக்காம உட்டது?' எல்லாத்துக்கும் ஒரே பதில். சீட்டுல கோளாறு இல்லன்னு. அத்தை நம்பல. 'கூடப் போன தாஸ் தம்பி எங்கையப் புடிச்சிகினு சொல்லிச்சே, அது பொய் சொல்லுமா'ன்னு சொல்லிகினே செத்தாங்க."

கட்டுகளைப் பக்கம் பக்கமாக நகர்த்தினாள். "இப்ப சொல்லுங்கண்ணே. எது நெசம்?"

எழுபத்தொன்றாம் வருடப் போர். குண்டுவீச்சு விமானத்தில் இரண்டே பேர். ஓட்டியவன் சுசீலாவின் கணவன் ஆனந்தன்; முன்மூக்கில் படுத்து வழி சொன்னவர் கிறிஸ்துதாஸ். விடியும் நேரத்தில் குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்புகையில் இறக்கையில் அடி விழுந்தது. எல்லை தாண்டி நம் மண்ணுக்குமேல் வந்தபோது தீ பரவிவிட்டது. ஆனந்தன் உட்கார்ந்திருந்த சீட்டில் ஒரு கைப்பிடி உண்டு. இழுத்தால் சீட்டோடு வெளியே வீசிவிடும். கிறிஸ்துதாஸுக்கு அப்படி ஒன்று கிடையாது. அவர் ஊர்ந்து வந்து, பாராசூட்டை மாட்டி, கதவைத் திறந்து குதிக்க வேண்டும்.

"சீட்டு நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றார். "நான் குதிக்கிற வரைக்கும் விமானம் ஆடாம இருக்கணும். அதுக்காகத்தான் அவன் அந்தக் கைப்பிடிய இழுக்கல. நான் கதவைத் திறந்தேன். கீழ பாத்தேன். காலு வரல."

"எவ்ளோ நேரம்?"

"நாப்பது செகண்டு இருக்கும். நான் குதிச்சதுமே விமானம் வெடிச்சிடுச்சு. பயப்படாம இருந்திருந்தா பத்து செகண்டுல போயிருப்பேன். ரெண்டு பேருமே பொழைச்சிருப்போம். விசாரணையில எல்லாத்தையும் சொன்னேன். இங்க வந்து நின்னப்ப அம்மா எங்கையப் புடிச்சு, 'எம்புள்ள ஏன் குதிக்கல'ன்னு கேட்டாங்க. 'சீட்டு வேலை செய்யலம்மா'ன்னு வாயில வந்துடுச்சு."

நெடுஞ்சாலையில் போன லாரிகளின் அதிர்வில் ஜன்னல் கம்பி கிணுகிணுத்தது.

"பேரு தெரியாத ஒரு மெக்கானிக்க அந்தக் கெழவி பதினெட்டு வருசமா சபிச்சிகினு கெடந்தா" என்றாள் சுசீலா. "அத்தினி சாபத்தையும் எங்கையாலதான் எழுதினேன்."

அவர் தலை குனிந்தார். மன்னிப்புக் கேட்க எத்தனையோ வாக்கியங்களைப் பஸ்ஸில் தயார் செய்திருந்தார். ஒன்றும் உதவவில்லை.

"கடைசியா எதுனா சொன்னாரா?"

"மேல போனா இங்கிலீசுலதான் பேசுவோம். அன்னிக்கு நான் காதுல மாட்டின ஒயரைக் கழட்டறதுக்கு முன்னால மட்டும் நம்ம பாசையில சொன்னான். 'மாமே, அவசரப்படாத. நான் புடிச்சிகினு கீறேன்.'"

சுசீலாவின் முகம் சட்டென்று உடைந்தது. சிரிப்பா அழுகையா என்று அவருக்குப் புரியவில்லை. "ஆபீசரு ஆனப்புறமும் இந்தப் பேச்சு போகலையா?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பயந்துகினு சொன்னாரா?"

"இல்லம்மா. பஸ்ஸுல எனக்கு எடம் புடிச்சு வெச்சவன் மாதிரி சொன்னான்."

அவள் கண்ணைத் துடைத்தாள். "உங்கள மன்னிக்கிறேன்னு சொல்ல எனக்கு இப்ப வாய் வரல. பொய்யா சொல்லவும் முடியல."

"வேணாம்மா."

அவர் எழுந்தார். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தார். இறங்கவில்லை, அவள் தலையிலும் கொஞ்சம் ஏற்றிவிட்டோம் என்பதுதான் தெரிந்தது.

"ஞாயித்துக்கெழம பஸ்ஸு லேட்டாத்தான் வரும்" என்று சுசீலா திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "ஒக்காருங்க. சோறு ஆயிடுச்சு."

உட்கார்ந்தார். அவள் இரண்டு தட்டுகளை எடுத்துவந்து சாம்பாரை ஊற்றினாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருவரும் சாப்பிட்டார்கள்.