முப்பத்தொன்பது கட்டைவிரல்கள்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் வந்தது. ஜன்னல் திரைக்கு ஆறு கஜம் துணி வாங்கப் போயிருந்தேன். அளந்து கொடுத்த அம்மாள் ஒவ்வொரு கஜத்தின் முடிவிலும் கட்டைவிரலை வைத்து, விரலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த கஜத்தைத் தொடங்கினார். "விரல் எதுக்குங்க?" என்று கேட்டேன். என் வாய் சும்மா இருந்தால்தானே.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "அன்று கடல் அமைதியாக"

அடித்துவிட்டேன். கதையில் கடல் அமைதியாக இருந்தால் யாரோ சாகப்போகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அடுத்தது: "பாகம் என்பது"

இது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் கொஞ்சம் பாடம் இல்லாமல் முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

[துணிக்காரர்கள் மூக்கிலிருந்து நீட்டிய கையின் விரல்நுனிவரை அளந்து கஜம் என்றார்கள், மூன்றடி. கடல்காரர்கள் இரு கைகளையும் விரித்து நுனிக்கு நுனி அளந்து பாகம் என்றார்கள், ஆறடி. ஆக, இரண்டு கஜம் ஒரு பாகம். ஒரே உடம்பில் பாதியைக் கடைக்கும் முழுசைக் கடலுக்கும் கொடுத்திருக்கிறார்கள். இந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.]

3

"விரல் துணிக்குங்க," என்றார் அம்மாள். "துவைச்சா சுருங்கும், தைச்சா மடிப்புல போகும். கஜத்துக்கு ஒரு அங்குலம் சும்மா கொடுக்கறது எங்க கடை வழக்கம்."

பக்கத்தில் கயிற்றுக் கட்டுகள் கிடந்தன. "கயித்துக்கும் உண்டா?"

"கயித்துக்குக் கிடையாது. அதை அளக்க வேற ஆள். நேத்து அவர் லீவு, நான்தான்..."

நிறுத்தினார். தன் கட்டைவிரலைப் பார்த்தார். அது இன்னும் துணியின் மேலேயே இருந்தது.

4

அவரைக் கொஞ்சம் அழவைக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் அழவில்லை, கணக்குச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரர் முக்குளிக்கறவர். மூழ்கின படகோட இன்ஜினைக் கட்டித் தூக்க இப்ப இறங்கியிருப்பார். மேல படகுலேருந்து காத்து வர்ற மூச்சுக் குழாய் இருபது பாகம். இடுப்புக் கயிறு பத்தொன்பதரை. கயிறுதான் முதல்ல இறுகணும். குழாய் முதல்ல இறுகினா வாயிலேருந்து பிடுங்கிட்டுப் போயிடும்."

"கயிறு எவ்வளவு வெட்டினீங்க?"

"முப்பத்தொன்பது கஜம்."

"கணக்கு சரியாத்தானே இருக்கு?"

"கணக்கு சரிங்க. கை?"

இருபது வருடமாகத் துணி அளக்கும் கை. நேற்று விரல் வைத்ததா இல்லையா என்று அவருக்கே நினைவில்லை. வைத்திருந்தால் முப்பத்தொன்பது அங்குலம் கூடுதல், மூன்றடிக்கும் மேல். கயிறு குழாயைவிட நீளமாகிவிடும்.

5

[இங்கே ஒரு வாசகர் கேட்பார்: போன் செய்தால் என்ன? செய்தார். மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவன் அம்மாளின் தம்பி. ஒருமுறை அவன் கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டு போனில் சிரித்துக்கொண்டிருந்தானாம். "மாமா தண்ணிக்குள்ள இருக்கறப்ப போனைத் தொட்டே, அப்புறம் என் வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்று இவரே திட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அவன் தொடுவதில்லை. நான் இதை ஜோடித்திருந்தால் இவ்வளவு கச்சிதமாக ஜோடித்திருக்க மாட்டேன்.]

போனில் மணி போய்க்கொண்டே இருந்தது.

6

"காலைல இன்னொரு தடவை அளந்துக்கோடான்னு சொன்னேன். 'நீ அளந்ததை நான் எதுக்குக்கா அளக்கணும்'னு சிரிச்சான்," என்றபடி கயிற்றுக் கட்டு ஒன்றை உருட்டி எடுத்தார். நேற்று வெட்டியதன் மிச்சம். ஐம்பது கஜக் கட்டு. விரல் வைக்காமல் அளந்திருந்தால் பதினொரு கஜம் மிஞ்ச வேண்டும்.

மேசையில் பதித்த பித்தளை அளவில் வைத்து இழுத்தார். போன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே. நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தார்.

ஏழு. எட்டு. ஒன்பது.

பத்தாவது கஜத்துக்கு மூன்று அங்குலம் முன்னாலேயே கயிறு தீர்ந்துபோனது.

7

முடிவு (அ): தம்பி அக்காவின் மிரட்டலை மீறிப் போனை எடுக்கிறான். எழுதி அடித்தேன், எனக்காக எழுதியது அது.

முடிவு (ஆ): "குழாய்"

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

8

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கயிற்றின் முனையைக் கீழே போட்டேன். அவர் போனைக் காதில் வைத்தபடி "எடுடா, எடுடா தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் துணிப்பையை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டேன். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, வரும்போது அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரமாகிறது. அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறேன். திரைத்துணியை இன்னும் தைக்கக் கொடுக்கவில்லை. வீட்டில் அளந்து பார்த்தேன்: ஆறு கஜத்துக்கு மேல் ஆறு அங்குலம் இருக்கிறது.

பையில் கடையின் எண் அச்சாகியிருக்கிறது. நாலு தடவை அழுத்தி நாலு தடவையும் வைத்துவிட்டேன். இப்போது ஐந்தாவது. மணி போகிறது. அந்த அம்மாள் எடுத்தால் துணி விலை மட்டும் கேட்டுவிடாதீர்கள். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். யாரோ எடுக்கிற மாதிரி இருக்கிறது.

இந்தாருங்கள், நீங்கள் பேசுங்கள்.