ஒன்றாம் எண் சட்டை

தோளில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துவிட்டு வசேமதா பட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்போது கெலேரா மூச்சிரைக்க ஓடி வந்தாள். மணி இரண்டரை. நான்கு மணிக்கு விடுதிக் கூடத்தில் சட்டை வாங்குகிற சடங்கு. மறுநாள் லவுட்டோகா நகரில் ரக்பி அரையிறுதி.

"வசே, இன்னிக்குச் சட்டை குடுக்க யார் வர்றாங்க தெரியுமா?"

"எந்தப் பாதிரியா இருந்தா நமக்கென்ன? யார் வந்தாலும் எந்திரிக்கப் போறதில்லையே."

"பாதிரியாவது மண்ணாவது. உன் தம்பி வர்றான்டி. மனோவா."

பட்டி கையிலிருந்து நழுவி உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. வசேமதா அதை எடுக்கக்கூடக் குனியவில்லை.

முந்தா நாள் பேருந்தில் வரும்போதுதான் எல்லாம் பேசி முடித்தார்கள். இருபத்து மூன்று பெண்கள். ஓட்டுநருக்குக் கேட்காதபடி துதிப்பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டே நடுநடுவே பேசினார்கள். ஒரே கோரிக்கைதான். ஆண்கள் அணிக்குப் பன்னிரண்டு மாத ஒப்பந்தம், தங்களுக்கு ஐந்தே மாதம். அதே கழகம், அதே நிறச் சட்டை, அதே மைதானம். கோப்பையை இரண்டு முறை தூக்கி வந்தவர்கள் பெண்கள். ஆண்கள் இறுதிப்போட்டியின் வாசலைக்கூட மிதித்ததில்லை. மூன்று முறை கடிதம் கொடுத்தாயிற்று. மூன்று முறையும் "பரிசீலிக்கிறோம்". அப்படியானால் சட்டையை வாங்க வேண்டாம், எண்ணைக் கூப்பிட்டால் எழுந்திருக்க வேண்டாம் என்று சொன்னவள் வசேமதாதான். முதல் எண் அவளுடையது. "நான் உக்காந்திருந்தா நீங்களும் உக்காந்திருப்பீங்கல்ல?" என்று கேட்டாள். சத்தியம் செய்தார்கள். யார் கொடுக்க வருவார்கள் என்பதை மட்டும் ஒருத்தியும் யோசிக்கவில்லை. எப்போதும் யாராவது மந்திரி வருவார், இல்லையென்றால் பாதிரியார்.

அந்த யோசனை அவளுக்கு வந்ததே தோளால்தான். போன வருடம் கடைசி ஆட்டத்தில் தோள் மூட்டு இறங்கியது. பதினாறாம் நாள் ஒப்பந்தம் முடிந்தது. அன்றோடு கழகத்தின் மருத்துவரும் முடிந்தார். ஒற்றைக் கையால் ஓட்டல் சலவைக்கூடத்தில் ஈரப் படுக்கை விரிப்புகளை இழுத்துக்கொண்டு ஏழு மாதம் ஓட்டினாள். அதே மாதம், ஆண்கள் அணியில் ஆடுகிற மனோவாவுக்கு முழங்கால் போனது. அவனைப் பிரிஸ்பேனுக்கு அனுப்பி அறுவை செய்து, திரும்பி வந்து நடக்கிற வரைக்கும் சம்பளமும் கொடுத்தார்கள். அவன்மேல் அவளுக்குத் துளியும் பொறாமை இல்லை. தம்பி நன்றாக இருக்கட்டும். ஆனால் விரிப்பைப் பிழியும்போதெல்லாம் வயிறு எரிந்ததென்னவோ உண்மை.

"இப்ப என்னடி ஆயிடுச்சு? தம்பிதானே," என்றாள் கெலேரா. அவள் பா என்ற ஊர்ப் பக்கத்துக்காரி. "எங்க வீட்டுல நான் என் தம்பி மண்டையிலேயே ரெண்டு போடுவேன். 'சட்டையும் வேணாம் ஒண்ணும் வேணாம், போடா வீட்டுக்கு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருப்பேன்."

"நீ சொல்லுவே. உங்க ஊரு அப்படி."

வசேமதாவின் ஊர் அப்படியில்லை. லாவுத் தீவுகளில் பழைய வழக்கத்தை விடாத குடும்பம். அக்காளும் தம்பியும் வளர்ந்துவிட்டால் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஒருவர் பெயரை ஒருவர் சொல்வதில்லை. பகையா என்றால், அட கடவுளே, பகையே இல்லை. அதைவிடப் பெரிய மரியாதை அவர்களுக்குத் தெரியாது. அவள் இருக்கிற அறைக்கு அவன் வந்தால் வாசலிலேயே குனிவான். உப்பு வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வான், அம்மா அவளிடம் சொல்வாள். தோள் இறங்கிய மாதம் ஒரு மூட்டை சேப்பங்கிழங்கு வாசலில் இருந்தது. யார் வைத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. பதினெட்டு வருடமாக அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனால் அவன் சம்பந்தப்பட்ட எதற்கும் அவள் மாட்டேன் என்று சொன்னதும் இல்லை. அவன் நீட்டுவதைத் தட்டுவது அவனை ஊரார் முன்னால் அறைவதற்குச் சமம்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள், மடித்து வைத்த சுலுவை, இடுப்பில் சுற்றுகிற அந்தத் துணியை, உதறி மறுபடி மடித்தாள். பிறகு மனோவாவின் மனைவி லூசியானாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். வழி அது ஒன்றுதான்.

"லூசி, அவன்கிட்ட ஒரு சேதி சொல்லணும். இன்னிக்கு வரவேண்டாம்னு சொல்லு. உடம்பு சரியில்லைன்னு ஏதாவது சொல்லச் சொல்லு."

"அண்ணி, அவர் காலையிலேயே கிளம்பிட்டாரே."

"போன் பண்ணிச் சொல்லேன்."

"போனை இங்கேயே வச்சுட்டுப் போயிட்டார் அண்ணி. ஒரு நாளும் இப்படி வச்சுட்டுப் போனதில்லை. இதோ, ரொட்டி டப்பா மேல இருக்கு."

மறந்துவிட்டானா, வேண்டுமென்றே வைத்தானா? லூசியானாவுக்கும் தெரியவில்லை.

வராந்தாவில் அணியின் மேலாளர் அபிசாய் நின்றுகொண்டிருந்தார். அம்மா வழிச் சொந்தம். அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவள் வருவதைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கினார்.

"இது யார் வேலை மாமா?"

"நான் இல்லம்மா. ஆபீஸ்ல நம்ம வெள்ளைக்காரர்தான். அக்கா தம்பி ரெண்டு பேரும் ஒரே கழகம், படம் எடுத்துப் போட்டா நல்லாருக்கும்னார். அவருக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்ல?"

அபிசாய் தூரத்தில் மழை இறங்குவதைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "பஸ்ல துதிப்பாட்டு ரொம்ப நேரம் பாடினீங்களாமே," என்றார். "பாரு வசே, அவன் ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது. காகிதம் இன்னும் கையெழுத்தாகலை. கேமரா முன்னால அவன் கையில சட்டையோட பைத்தியக்காரன் மாதிரி நின்னான்னா, அது அவனுக்கு நல்லதா? நீயே சொல்லு. மாமா சொல்றேன்னு நினைக்காதே."

"அப்ப ஆபீஸ் சொல்றதா நினைக்கட்டுமா?"

அவருடைய காதோரம் சிவந்தது. படியிறங்கிப் போனார். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

நான்கு மணிக்குக் கூடத்தில் பாய்கள் விரித்திருந்தன. இருபத்து மூன்று பெண்களும் சுலு கட்டி, எண் வரிசைப்படி சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். மரவள்ளிக்கிழங்கு வேகிற வாசனை சமையலறையிலிருந்து வந்தது. ஜெபம் முடிந்தது, பாட்டு முடிந்தது. கழகத்தின் தலைவரான வெள்ளைக்காரர் இரண்டு வரி பேசிப் புன்னகைத்தார். கேமராக்காரன் வசேமதாவின் பக்கமாக முட்டி போட்டு உட்கார்ந்தான். அவளுக்குப் பின்னால் யாரோ விரல் முட்டிகளைச் சொடுக்கிக்கொண்டே இருந்தார்கள். எழுந்துவிடு, எழுந்து வாங்கிவிடு, மற்றதை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அடுத்த வருடம் இந்தத் தோள் இருக்குமா? சொடுக்குகிறவள் அணியிலேயே இளையவளான அந்தப் பத்தொன்பது வயதுக்காரியாகத்தான் இருப்பாள். அவளுக்கு இன்னும் ஒரு எலும்பும் இறங்கவில்லை.

மனோவா பக்கவாட்டுக் கதவு வழியாகக் குனிந்து வந்தான். கையில் சட்டைகளின் அடுக்கு. மேலே இருந்ததை எடுத்து விரித்தான். எண்ணோடு பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை. அவன் பெயரைச் சொல்லவில்லை. கண்ணைச் சட்டையிலேயே வைத்துக்கொண்டு,

"ஒண்ணு," என்றான்.

குரல் இவ்வளவு கனத்திருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எத்தனையோ தரம் கேட்ட குரல்தான். ஆனால் பதினெட்டு வருடத்தில் அவளுக்கென்று அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல் இது. அவள் கைகள் தாமாகவே குழிந்தன. பெரியதொன்றை வாங்கும்போது மரியாதைக்காக மூன்று முறை தட்டுகிற கைகள், பழக்கத்தில் பாதி தூரம் வந்தே விட்டன. அவள் அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

சட்டை அவன் கையில் நீண்டபடியே நின்றது. என்னை மன்னிச்சிடுடா என்று அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் கிடையாது. சொல்லி அனுப்ப ஆளும் அங்கே இல்லை. கண்ணீர் இறங்கி மோவாயில் நின்றது. கை இரண்டும் அடியில் இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

"என்ன ஆச்சு?" என்று தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"மனோவா," அபிசாய் இருமினார். "ரெண்டாம் நம்பரைக் கூப்பிடுப்பா. பரவாயில்லை. அடுத்ததைக் கூப்பிடு."

இரண்டாம் எண் கெலேரா. அவள் தன் சுலுவின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மனோவா கூப்பிடவில்லை. மிச்ச சட்டைகளின் அடுக்கைப் பாயில் வைத்தான். பிறகு அறுவை செய்த முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மெல்ல, பெண்கள் உட்கார்ந்திருந்த அதே பாயின் ஓரத்தில், அவளுக்குப் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்தான். அவமானத்தில் உட்கார்ந்தானா, அவளோடு சேர்ந்து உட்கார்ந்தானா? கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு இந்த ஜென்மத்தில் வழியில்லை. "மனோவா!" என்றார் அபிசாய், இந்த முறை சத்தமாக.

அவன் நிமிரவில்லை. ஒன்றாம் எண் சட்டையைத் தன் தழும்பு விழுந்த முழங்காலின் மேல் விரித்து, கழுத்துப்பட்டியில் இருந்த சுருக்கத்தைக் கட்டை விரலால் நீவிக்கொண்டிருந்தான்.