முப்பது நாள் பாதி விலை

அந்தமானின் பாராடாங் ஜெட்டியில், போலீஸ் காவலோடு வரிசையாக வரும் டூரிஸ்ட் வண்டிகளின் காலை கான்வாய் வந்து இறங்கினால் ஒரு மணி நேரம் மூச்சுவிட முடியாது. அப்புறம் குகை பார்க்கப் போன கூட்டம் படகில் திரும்பும்வரை பூரிக்கடை சுகிர்தாவுக்கு வேலையே இருக்காது. அந்த நேரத்தில் போனில் ஓட்டல் விளையாட்டு ஆடுவாள். போர்ட் பிளேயர் அபர்டீன் பஜாரில் போன் வாங்கியபோது கடைக்காரன் ஏற்றிக் கொடுத்தது. நெட் இல்லாமலே ஓடும்.

பொம்மை ஊர், பொம்மை ஜனம். ஓட்டல் திறந்து நாலு பேர் வர ஆரம்பித்தால் பக்கத்திலேயே இன்னொருவன் திறப்பான். அவனைப் பார்த்து இன்னொருவன். ஊர் ஜனம் மட்டும் அதிகமாகாது. ஆறாவது ஓட்டல் வந்ததும் எல்லாருமே ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஜெட்டியிலும் அப்படித்தான் ஆகியிருந்தது. நாலு கடை இருந்த இடத்தில் இரண்டு நல்ல சீசனுக்குப் பிறகு பதினொன்று. கான்வாயில் வரும் வண்டிகள் மட்டும் அதே அளவுதான். தினமும் மதியம் மிஞ்சிய மாவை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

விளையாட்டில் ஒரு வழி இருந்தது. அடக்க விலைக்கும் கீழே இறக்கி முப்பது நாள் தாக்குப்பிடித்தால், எதிர்க்கடைகள் ஒவ்வொன்றாக மறையும். அந்த இடத்தில் புல் முளைக்கும். அதற்கப்புறம் விலையை ஏற்றிக்கொள்ளலாம்.

“நஷ்டத்துல விக்கிறதா? உனக்கென்ன பைத்தியமா?” என்றான் அவள் புருஷன் மகேஷ்குமார். குகைக்குப் படகு ஓட்டுகிறவன்.

“முப்பது நாள்தான். உங்க படகு வருமானத்துல சமாளிச்சுக்கலாம்.”

மறுநாள் பூரி பாதி விலை என்று பலகை வைத்தாள். டிரைவர்கள் “அரே தீதி!” என்று இந்தியில் அக்கா போட்டுச் சிரித்துக்கொண்டே பயணிகளை வண்டி வண்டியாகக் கூட்டி வந்தார்கள். ஒன்பதாம் நாள் முதல் கடை மூடியது. பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று. ஒவ்வொன்று மூடும்போதும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அது கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

இருபதாம் நாள் பக்கத்துக் கடை சுகுணா வந்தாள். காஸ் தீர்ந்தால் கேட்காமலே சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து தருகிறவள்.

“அவரு ராத்திரியெல்லாம் தூங்கமாட்டேங்கறாரு சுகிர்தா. விலையக் கொஞ்சம் ஏத்தேன்.”

“இன்னும் பத்து நாள்தான்க்கா. அப்புறம் ஏத்திருவேன்.”

“பத்து நாள் கழிச்சு நாங்க இருப்பமா?”

சுகிர்தா எண்ணெயில் பூரியைத் திருப்பிப் போட்டாள். சுகுணா தன் கடைக்குத் திரும்பிப் போனாள்.

நாலு நாளில் அந்தக் கடையும் மூடியது. ஆனால் விளையாட்டில் போல இங்கே எதுவும் மறையவில்லை. சுகுணாவின் புருஷன் கோவிந்தராஜ் மூடிய ஷட்டருக்கு முன்னால் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார். கடைசி கான்வாய் போகும்வரை எழுந்திருக்கமாட்டார். திட்டவில்லை, சண்டைக்கு வரவில்லை. சுகிர்தா பரிமாறுகிற ஒவ்வொரு தட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கம் தார்ப்பாய் கட்டினாள். தார்ப்பாய்க்கு அந்தப்புறம் அவர் இருமுவது கேட்டது.

முப்பத்தோராம் நாள் விலையை ஏற்றினாள். மிச்சம் மூன்றே கடைகள். அவள் வாசலில் வரிசை நின்றது.

அந்த வாரமே வெள்ளைக் காரில் ஒருவர் வந்தார். பெயர் முத்துகிருஷ்ணன், போர்ட் பிளேயரில் நாலு ஓட்டல் வைத்திருப்பவர். இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, “பிரமாதம்மா” என்றார். “இவ்வளவு ஜனத்துக்கு மூணே கடையா?”

“பதினொண்ணு இருந்துச்சு சார். தாக்குப்பிடிக்கல.”

எந்தக் கான்வாயில் எத்தனை பேர் வருவார்கள், எப்போது பசிக்கும், டிரைவர்களுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்கக் கேட்கப் பெருமையாகச் சொன்னாள். அவர் கைகழுவிவிட்டு நேராகக் கோவிந்தராஜிடம் போனார். மூடிய கடையின் முகப்பைக் காலால் அடி அடியாக அளந்தார். பிறகு அடுத்த கடையையும், அதற்கடுத்ததையும். அவர் ஏன் அத்தனையும் கேட்டார் என்று அப்போதுதான் சுகிர்தாவுக்குப் புரிந்தது.

இரண்டே மாதத்தில் கண்ணாடிக் கதவு வைத்த ஓட்டல் எழும்பியது. திறந்த அன்று வெளியே வைத்த பலகையில், சுகிர்தா ஒரு காலத்தில் போட்டிருந்த பாதி விலையிலும் பாதி. முதல் கான்வாயின் வண்டிகள் ஒன்றுவிடாமல் அங்கே திரும்பின. உள்ளே சுகுணா சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு தட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

“எத்தன நாளைக்குப் போடுவானாம் இந்த விலை?” என்றான் மகேஷ்குமார்.

“நாம போறவரைக்கும்” என்றாள் சுகிர்தா.

மற்ற இரண்டு கடைகளும் மழைக்கு முன்பே போய்விட்டன. அவள் நாற்பத்தேழு நாள் தாக்குப்பிடித்தாள். அன்று காலை ஒரு தட்டுகூடப் போகவில்லை. பிசைந்த மாவு ஈரத்துணிக்கு அடியில் அப்படியே இருந்தது. புது ஓட்டலின் சிவப்புச் சட்டையில் கோவிந்தராஜ் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இத்தனை மாதத்தில் இப்போதுதான் அவளிடம் பேசினார்.

“முதலாளி கேட்டுட்டு வரச் சொன்னாரு. பின்னாடி பாத்திரம் கழுவ ஒரு ஆள் குறையுதாம்.”

அவர் குரலில் கோபம் இருக்குமா என்று தேடிப் பார்த்தாள். இல்லை. கேலியும் இல்லை.

“எப்பலேர்ந்து வரணும்ண்ணே?” என்றாள்.

“நாளைக்கு. முதல் கான்வாய்க்கு முன்னாடியே வந்துரு.”