கையில் ஒரு பல் தடம்

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். கிறிஸ்துமஸ் அன்று காலையில் என் மச்சினன் ரிப்பன் கட்டிய அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து இறக்கிய நாய்க்குட்டி, வந்த நிமிடத்திலிருந்து ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. எனக்கு அப்போதே பொறி தட்டியது.

"கல்லுளிமங்கன் மாதிரி உக்காந்திருக்கு பாரு" என்றேன் மனைவியிடம்.

"பயந்துபோய் உக்காந்திருக்குங்க. ரெண்டு மாசக் குட்டி அது."

"பயந்ததுதான் மொதல்ல கடிக்கும்."

மச்சினன் லிஃப்ட் மெக்கானிக். யாரையும் கேட்காமல் மேலே ஏற்றிவிடுவது அவன் தொழில். வீட்டு விஷயத்திலும் அப்படித்தான். "வாண்டுக்குத்தான் மாமா இது. ஒத்துவரலன்னா வருஷம் முடியறதுக்குள்ள திருப்பிக் குடுத்துடலாம், குட்டியைக் குடுத்தவர் வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்கார்" என்றான். அந்தக் கடைசி வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வாண்டு என்பது எங்கள் மகன். இரண்டு வயது. பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. அவன் குட்டியைப் பார்த்து "தோதோ" என்றான், அதுவே அதற்குப் பெயராகிவிட்டது. அன்று முழுக்க அவனுக்கு வாங்கிய பொம்மை ரயில் பிரிக்காத பெட்டியிலேயே கிடந்தது. அவன் சாப்பிட்டதும் தூங்கியதும் தோதோவின் பக்கத்தில்தான். மகன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று சொல்லக் கூடாது.

நான் பல் செட் செய்கிறவன். டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை எனக்கு அனுப்புவார்கள். நான் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, செட்டை முடித்துக் கொடுப்பேன். யார் தூக்கத்தில் பல்லை நறநறக்கிறார்கள், யார் பாக்கு போட்டுவிட்டுச் சத்தியம் செய்கிறார்கள் என்பதெல்லாம் அச்சைப் பார்த்தாலே தெரியும். இருபது வருடம் இதையே பார்த்தவனுக்கு மனிதர்கள் மேல் எவ்வளவு நம்பிக்கை மிஞ்சும்?

மறுநாள் மத்தியானம் தோதோ மின்விளக்குச் சரத்தை இழுத்து கிறிஸ்துமஸ் மரத்தையே சாய்த்துவிட்டது. நான் கத்தினேன். என் சத்தம் கொஞ்சம் பெரிதுதான். பட்டறையில் மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. மனைவி பதிலுக்குக் கத்தினாள். சாயந்திரம் வாண்டைக் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றியபோது, இடது முழங்கைக்குக் கீழே சிவப்பாக இரண்டு வளைவுகள் தெரிந்தன.

"கடிச்சிடுச்சு! நான் அப்பவே சொன்னேன்ல?"

"தோல் கிழியவே இல்லையே" என்றாள் மனைவி. அவள் முகமும் வெளுத்துத்தான் போயிருந்தது.

அடுத்த நாள் முதல் தோதோவை வாஷிங் மெஷின் இருக்கும் சின்ன அறையில் அடைத்தேன். பட்டறைக்குப் போகும்போது கதவைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். அதற்கும் ஒரு சண்டை. அன்று சாயந்திரம் வாண்டின் அதே கையில், பழைய தடத்துக்குப் பக்கத்தில், புதிதாக ஒன்று இருந்தது.

"நீ கதவைத் திறந்திருக்க."

"சத்தியமா இல்லைங்க."

சத்தியங்களைப் பற்றித்தான் சொன்னேனே. இருபத்தெட்டாம் தேதி காலையில் ஒரு டப்பா பிளாஸ்டர் பொடியை அந்த அறை வாசலில் மெல்லிசாகத் தூவினேன். நாய் வந்தாலும் அவள் போனாலும் கால் தடம் விழும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். அவள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோலம் நல்லாருக்கு" என்றாள். "பொடியைத் தாண்டாம அந்த வாயில்லாப் பிராணிக்கு யாரு சோறு வைக்கறது?"

"மத்தியானம் நானே வந்து வைக்கறேன்."

"கட்டின பொண்டாட்டியை வேவு பாக்கறீங்க. அதையாவது ஒத்துக்குங்க."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. குரலை உயர்த்தினேன், கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனேன். மத்தியானம் வந்தபோது பொடி தூவியது தூவியபடியே இருந்தது. வாண்டின் கையில் மூன்றாவது தடம் இருந்தது.

எனக்குத் தலை சுற்றியது. பொடியைத் துடைத்துவிட்டு மறுபடி தூவியிருப்பாளோ என்றுகூட நினைத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பேய் இல்லாமலா பல் தடம் விழும்? மச்சினனுக்கு போன் போட்டேன். "நாளைக்குக் காலையில வந்து உன் நாயை எடுத்துட்டுப் போயிடு."

வாண்டு சின்ன அறைக் கதவின் அடியில் விரலை நுழைத்தபடி தரையில் படுத்திருந்தான். உள்ளே இருந்து தோதோ அந்த விரலை நக்கிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் தாழ்ப்பாளில் கை வைத்தேன். ஆனாலும் பிள்ளையின் கை எனக்கு முக்கியம்.

மறுநாள் காலையில் மனைவி சண்டை போடவில்லை. "ஊர்ல உள்ளவன் பல்லையெல்லாம் பாக்கறீங்க. அனுப்பறதுக்கு முன்னாடி அதோட பல்லையும் ஒரு தடவை பாத்துடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

அதை ஏன் முதல் நாளே செய்யவில்லை? தெரியும் என்று நினைத்தவன் எதற்குப் பார்க்கப் போகிறான். என் பட்டறைப் பையில் இருந்த இளஞ்சிவப்பு மெழுகுத் தகட்டை வெந்நீரில் இளக்கி தோதோவின் வாயில் வைத்து மெல்ல அழுத்தினேன். விட்டால் விழுங்கியிருக்கும். மெழுகில் ஊசி குத்தியதுபோல் குறுகலாகப் புள்ளிகள் விழுந்தன. வாண்டின் கையில் இருந்ததோ அகலமான வளைவு. தட்டையான முன்பற்கள். இது நாய்ப் பல்லே இல்லை. முதல் பார்வையிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவன்கூடச் சொல்லிவிடுவான்.

"மனுஷப் பல்லு" என்றேன். "சின்ன மனுஷன்."

"வீட்டுக்கு யாருமே வரலையே" என்றாள் மனைவி.

அதற்குள் வாண்டு, தோதோவுக்கு மட்டும் ஏதோ கொடுத்துவிட்டேன் என்று நினைத்து, என் முன்னால் வந்து ஆவென்று வாயைத் திறந்தான். இன்னொரு துண்டு மெழுகை வைத்தேன். கடித்தான். மேல்வரிசையில் நடுவே இடைவெளி, கீழே ஒரு பல் லேசாகத் திரும்பியிருந்தது. அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எந்த டாக்டரிடமும் கேட்கத் தேவையில்லை.

"இவனேதான் கடிச்சுக்கறான்."

"ஏன்?" என்றாள் அவள்.

அழைப்பு மணி அடித்தது. கூண்டுப் பெட்டியோடு மச்சினன் நின்றிருந்தான். தோற்றுப்போன கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் இருந்த எனக்கு அவன் நல்ல இடமாக அமைந்தான்.

"எல்லாம் உன்னாலதான்டா! உன்னை யாரு நாய் கேட்டா? வீட்டுல நிம்மதியே போச்சு!"

"ஏங்க" என்றாள் மனைவி. அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பினேன். வாண்டு மரத்துக்கும் சோபாவுக்கும் நடுவே நின்றிருந்தான். இடது கை வாயில் இருந்தது. அழவில்லை. கண்ணை இமைக்காமல், தன் கையையே அழுத்திக் கடித்துக்கொண்டிருந்தான். மரம் சாய்ந்த அன்றும், கதவை அடைத்த அன்றும், பொடி தூவிய அன்றும் அவன் இப்படித்தான் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோம்.

என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அவன் முன்னால் மண்டியிட்டேன். "கண்ணா, கையை எடு" என்றேன், என்னால் முடிந்த அளவு மெதுவாக. கையை எடுத்தான். எச்சில் ஈரத்தோடு நான்காவது தடம் இருந்தது. தொடப்போனபோது ஓரடி பின்னால் நகர்ந்தான். அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தான். இத்தனை நாளும் அந்த நாயின் வாயை நான் எப்படிப் பார்த்தேனோ, அப்படிப் பார்த்தான்.

"மாமா, குட்டியை எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று வாசலில் இருந்து மச்சினன் கேட்டான்.

வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.