ஆகச் சத்தமான மெஷின்

"இருக்கிறதுக்குள்ள ஆகச் சத்தம் போடுறது எது?" கடையில், பனி தள்ளும் மெஷின்களுக்கு நடுவே நின்று கிறகரி கேட்டதும், மனைவியின் தம்பி டனிஸ்ரன் தலையில் கைவைத்தான்.

"அத்தான், ஊரே சத்தமில்லாத பற்றரி மெஷின் தேடுது. உங்களுக்கென்ன விசரே?"

விசர்தான் என்று கிறகரியும் நினைத்தார். மனைவி றெஜினா செத்து எட்டு மாதம். ஆனாலும் பனி கொட்டிய ஒவ்வொரு காலையும் டிரைவ்வேயில் அவளுடைய பனி அள்ளும் சவள் உரசும் சத்தம் கேட்டது. அதை அமுக்கத்தான் இந்த மெஷின். இருபது வருசமாக அவள் றோட்டுப் பக்கமிருந்தும் இவர் வீட்டுப் பக்கமிருந்தும் பனியை அள்ளிக்கொண்டு வந்து நடுவில் சந்திப்பார்கள். அந்த நடு எப்போதும் இவருடைய வாசற்படிக்குக் கிட்டத்தான் இருக்கும்.

பெற்றோல் மெஷின் வீட்டுக்கு வந்தது. புதுக் காருக்குச் செய்வதுபோல அதற்கும் கோயில் தீர்த்தம் தெளித்துச் சிலுவை போட்டார். மைனஸ் இருபதில் தீர்த்தம் உறைந்து, இழுத்து ஸ்ரார்ட் பண்ணும் கயிறு அசையவே இல்லை.

அந்த அமைதியில், றோட்டுப் பக்கம், சறக்... சறக்...

கிறகரி கயிற்றைக் கைவிட்டார். பிறகு தன்னுடைய பழைய சவளை எடுத்தார்.

"வாறனப்பா, வாறன். இண்டைக்கு உண்மையான நடுவரைக்கும் வாறன்."