எட்டுப் பேர் மிச்சம்

கட்டையனுக்கு டம்பர் ஓட்டுவதைத் தவிர வேறொரு தொழிலும் தெரியாது. சுரங்கத்தின் அடியிலிருந்து நிலக்கரியை மேலே கொண்டுவரும் அந்த ராட்சத லாரியில் அவன் உட்கார்ந்தால் வெளியே தலை மட்டும்தான் தெரியும். அந்த வேலைக்குத்தான் உலை வைக்கப் பார்த்தார்கள். லாரிகளை ஓரங்கட்டிவிட்டு கன்வேயர் பெல்ட் போடலாமா என்று நிர்வாகம் யோசித்தது. எதில் செலவு குறைவு என்று ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு அவன் மனைவியின் அண்ணனான இன்ஜினியருக்கு வந்தது.

"பெல்ட்டு போடத்தான் காசு முழுங்கும் மாப்ளே. போட்டுட்டா கரண்டுலயே ஓடிடும். உங்க வண்டி அப்படியா? டீசலக் குடிக்குது, டயரத் தின்னுது" என்றார் மச்சான். "ஆனா பெல்ட்டு ஒரு இடத்துல அறுந்தா மொத்தமும் நின்னுபோகும். டன்னுக்கு ஆகுற செலவக் குறைச்சுக் காட்டுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

கட்டையன் மற்ற டிரைவர்களையும் கிளப்பிவிட்டான். வண்டிக்கு நாலு வாய் கரி அள்ளிப்போடும் ஷவல் இயந்திரக்காரனிடம் கெஞ்சி, ஐந்தாவது வாயும் போட வைத்தார்கள். ஏற்றத்தில் வண்டிகள் முக்கி முனகின.

"நடை குறைஞ்சா ஆளும் குறையும்டா" என்றான் இன்னொரு டிரைவரான நெட்டையன்.

"போடா பயந்தாங்கொள்ளி!"

மாத முடிவில் மச்சான் ஓய்வுக் கொட்டகைக்கு வந்தார். "பெல்ட்டு தோத்துடுச்சு. வண்டிதான்."

விசில் பறந்தது.

"அஞ்சு வாய் போட்டா இத்தன வண்டி தேவையில்ல. அதனால, எட்டுப் பேர் மிச்சம்." விரலை நீட்டி ஒவ்வொருவராகக் காட்டினார். முதல் ஆள் கட்டையன். நெட்டையன் பக்கம் விரல் போகவே இல்லை.

கட்டையனுக்குத் தலைகால் புரியவில்லை. நெட்டையனின் முதுகில் ஓங்கித் தட்டினான். "நான் மிச்சம்டா! நீ கிளம்பு. பொண்டாட்டிக்குப் பாத்திரம் தேய்ச்சுக் குடு, ஒரு வாய் சோறாவது போடுவா!"

கொட்டகையே சிரித்தது. நெட்டையன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

"நீ எங்கய்யா போற? வண்டிய எடு" என்றார் மச்சான். பிறகு கட்டையனிடம் கையை நீட்டினார். "சாவியக் குடு மாப்ளே."

"மிச்சம்னு சொன்னீங்களே மச்சான்?"

"ஆமா. கம்பெனிக்கு மிச்சம். உங்க எட்டுப் பேர் சம்பளம்."

சிரிப்பு சட்டென்று நின்றது.

"உங்க பேச்சக் கேட்டுத்தானே..."

"அதனாலதான். சொந்தக்காரன வச்சுக்கிட்டு அடுத்தவன அனுப்பினா ஊரு என் மூஞ்சில காறித் துப்பாது? உன்னத்தான் முதல்ல கழிச்சேன்."

"உங்க தங்கச்சி மூஞ்சிய நினைச்சாவது..."

"அவகிட்ட நேத்தே சொல்லிட்டேன். உன்கிட்ட வாயத் திறக்கக் கூடாதுன்னும் சொன்னேன்."

காலையில் அவள் அவனைச் சாப்பிட வைத்து, வாசல்வரை வந்து அனுப்பியிருந்தாள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கட்டையன் சாவியைக் கொடுத்தான். மச்சான் அதை நெட்டையனிடம் நீட்டினார். "உன் வண்டி ரிப்பேர்ல கிடக்குது. இவனுதையே ஓட்டு."

நெட்டையன் ஏணியில் ஏறினான். கட்டையன் முன்னால் இழுத்துப் போட்டிருந்த சீட்டில் கால் கொள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பின்னால் தள்ளினான்.